தப்புமா, இறங்குமா? பிரீமியர் லீக்கின் கீழ்ப்பாதி அணிகளைக் கணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீசன் தொடங்கும்போது எல்லோரும் கோப்பை யாருக்கு என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், எட்டாம் இடத்துக்குக் கீழே நடப்பது. அங்கே உள்ள அணிகளுக்கும் ரசிகர்கள் உண்டு. மே மாதத்தில் சீசன் முடியும் நாள் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வைத்து, அந்த அணிகளைக் கணிப்பது பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நடுநிலை அணி எது, தத்தளிக்கும் அணி எது?

லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். கடைசி மூன்று இடங்களில் முடிப்பவை இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிடும். பேச்சு வசதிக்காக 8 முதல் 14 வரை நடுநிலை, 15 முதல் 20 வரை தத்தளிப்பவை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கோடு அடிக்கடி அழியும். 2024-25 சீசனில் மான்செஸ்டர் யுனைடெட் 15ஆவது, டாட்டன்ஹாம் 17ஆவது. அதே இரண்டு அணிகள்தான் அந்த மே மாதம், ஐரோப்பிய அணிகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதிப் போட்டியில் மோதின, டாட்டன்ஹாம் கோப்பையை வென்றது. ஆகஸ்டில் இதை யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மேலே உள்ள அணிகளைவிடக் கீழே உள்ளவற்றைக் கணிப்பது ஏன் கடினம்?

நெரிசல்தான் காரணம். 2022-23 முடிவைப் பாருங்கள்: உல்வ்ஸ் 41 புள்ளி, வெஸ்ட் ஹாம் 40, போர்ன்மத் 39, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 38, எவர்டன் 36, லெஸ்டர் 34. பதின்மூன்றாம் இடத்துக்கும் பதினெட்டாம் இடத்துக்கும் நடுவே ஏழே புள்ளிதான். இரண்டு வெற்றி, ஒரு டிரா. பத்து மாதம் ஆடிய ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒரு டிரா இடம் மாறியிருந்தால் லெஸ்டர் இறங்கியிருக்காது.

அதனால் 'இந்த அணி 14ஆவது வரும்' என்று ஒரே இடத்தைக் குறித்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓர் அணிக்கு எத்தனை புள்ளி முதல் எத்தனை புள்ளி வரை வரலாம், தரமிறங்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்வதுதான் நேர்மையான கணிப்பு. இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

வரம்பு என்கிறீர்களே, எவ்வளவு பெரிய வரம்பு?

இதற்கு மட்டும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், இதுதான் இந்தப் பக்கத்தின் இதயம்.

ஓர் அணி ஒவ்வொரு ஆட்டத்திலும் சராசரியாக 1.1 கோல் அடிக்கிறது, 1.4 கோல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பாதி அணிக்கு இது சாதாரணமான அளவு. கோல்கள் எப்படி விழும் என்பதைக் கணிக்கப் பாய்சான் பரவல் என்ற பழைய சூத்திரம் ஒன்று உண்டு. அரிதாக, ஒன்றோடொன்று அதிகம் தொடர்பில்லாமல் நடக்கும் சம்பவங்களை எண்ணுவதற்கானது. கால்பந்து கோலுக்கு அது வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. அதன்படி நம் அணி ஓர் ஆட்டத்தில் கோலே அடிக்காமல் போக 33 சதவீத வாய்ப்பு. ஒரு கோல் அடிக்க 37, இரண்டு அடிக்க 20, மூன்று அடிக்க 7 சதவீதம். எதிரணிக்கும் இதேபோல 1.4ஐ வைத்துப் போட்டு, எல்லா ஸ்கோர்களையும் பெருக்கிக் கூட்டினால், நம் அணி வெல்ல ஏறக்குறைய 30 சதவீதம், டிராவுக்கு 27, தோற்க 43 என்று வரும்.

வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. அப்படியானால் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.15 புள்ளி, 38 ஆட்டத்துக்கு 44 புள்ளி. பாதுகாப்பான இடம் என்று நினைப்பீர்கள். ஆனால் இதே கணக்கில் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்று பார்த்தால் சுமார் எட்டுப் புள்ளி வருகிறது. திறமையில் துளி மாற்றம் இல்லாத அதே அணி, பந்து பட்டுத் தெறிக்கும் விதத்தாலேயே 36 புள்ளியிலும் முடிக்கலாம், 52 புள்ளியிலும் முடிக்கலாம். மூன்று முறை ஆடினால் ஒரு முறை அந்த வரம்புக்கும் வெளியே போகும்.

36 புள்ளி என்றால் என்ன? 2022-23இல் எவர்டன் கடைசி நாள் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த புள்ளி. 52 என்றால்? அதே சீசனில் ஃபுல்ஹாம் பத்தாம் இடத்தில் நிம்மதியாக முடித்த புள்ளி. ஒரே அணிக்குள் இந்த இரண்டு விதியும் ஒளிந்திருக்கின்றன.

40 புள்ளி எடுத்தால் தப்பிவிடலாம் என்கிறார்களே?

பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எண் அது. உண்மையில் கோடு அதைவிடக் கீழே இருக்கிறது. எப்போதாவது விதிவிலக்கு உண்டு: 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 38 ஆட்டச் சீசனில் அதுவே உச்சம். ஜோ கோல், மைக்கேல் கேரிக், ஜெர்மெய்ன் டெஃபோ, பாவ்லோ டி கானியோ எல்லாம் ஆடிய அணி அது. இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும்போது எப்படி இறங்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். இறங்கியது.

அதற்குப் பிறகு 2024-25 முடிய 40 புள்ளி எடுத்த எந்த அணியும் இறங்கவில்லை. அருகில் வந்தவை 2010-11இல் 39 புள்ளியோடு இறங்கிய பர்மிங்ஹாமும் பிளாக்பூலும். அந்தக் காலத்தின் கடைசி இரண்டு சீசன்களில் கோடு இன்னும் தாழ்ந்தது: 2023-24இல் பதினெட்டாம் இடத்து லூட்டனுக்கு 26 புள்ளி, 2024-25இல் லெஸ்டருக்கு 25. அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்து '27 போதும்' என்று யாரும் தீர்மானிக்க வேண்டாம். அது மூன்று அணிகள் ஒரேயடியாகச் சரிந்ததால் வந்த தாழ்வு. நான் வைத்துக்கொள்வது ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. 38 எடுத்தால் பெரும்பாலும் தூங்கலாம், 35 எடுத்தால் மற்றவர்களின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சென்ற சீசன் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

இடத்தைக் குறைவாக நம்புங்கள், கோல் வித்தியாசத்தை அதிகமாக நம்புங்கள். 2024-25 டாட்டன்ஹாம் 22 ஆட்டங்களில் தோற்று 17ஆவது வந்தது. ஆனால் அடித்தது 64, வாங்கியது 65. ஒரே ஒரு கோல் பள்ளம். இந்த வித்தியாசம் உள்ள அணி வழக்கமாக நடுவில் எங்கோ முடிக்கும். நிறையத் தோல்விகள் ஒரு கோலில் போயின, வென்றபோது அள்ளி அடித்தார்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும்: ஒரு கோல் வெற்றிகளாகவே சேர்த்து உயரத்தில் முடித்த அணி, அடுத்த ஆண்டு அதே ஆட்டத்தை ஆடி ஏழெட்டு இடம் சறுக்கும்.

எக்ஸ்ஜி பார்க்கச் சொல்கிறார்கள். அது என்ன, உண்மையில் உதவுமா?

ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று, தூரம், கோணம், காலா தலையா என்பதையெல்லாம் வைத்து ஓர் எண் கொடுப்பதுதான் எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கப்படும் கோல். பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல். 30 மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு நூறில் சில பங்குதான். ஓர் ஆட்டத்தின் எண்களைக் கூட்டினால் அந்த அணி உருவாக்கிய வாய்ப்புகளின் எடை தெரியும்.

உதவும். 2020-21 பிரைட்டன்தான் எனக்குக் கண்ணைத் திறந்த அணி. 2021 பிப்ரவரியில் சொந்த மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸை எதிர்த்து ஆடினார்கள். பிரைட்டன் 25 முறை கோலை நோக்கி அடித்தது. பேலஸ் மூன்றே முறை. கடைசி நிமிடங்களில் பேலஸின் பென்டேகே காற்றில் வந்த பந்தை அப்படியே அடித்தார், பேலஸ் 2-1 என்று வென்றது. அந்த ஆண்டு முழுக்க அப்படித்தான். வாய்ப்பு மலைபோல், கோல் கடுகுபோல். 41 புள்ளியோடு 16ஆவது முடித்தார்கள். பட்டியலைப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு இறங்கப்போகும் அணி என்றார்கள். வாய்ப்புகளை எண்ணியவர்கள் இது நடுநிலை அணி, கணக்கு இன்னும் தீரவில்லை என்றார்கள். பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை நிர்வாகமும் மாற்றவில்லை. அடுத்த சீசனில் 51 புள்ளி, ஒன்பதாம் இடம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல ஸ்ட்ரைக்கர் வைத்திருக்கும் அணி எக்ஸ்ஜியைவிடக் கொஞ்சம் அதிகமாக அடிக்கத்தான் செய்யும், நல்ல கோல்கீப்பர் வைத்திருக்கும் அணி குறைவாக வாங்கத்தான் செய்யும். எல்லா வித்தியாசமும் அதிர்ஷ்டம் அல்ல. இன்னொன்று, இரண்டு மூன்று ஆட்டத்து எக்ஸ்ஜியை வைத்துப் பேசுவதில் பயனில்லை. பத்து ஆட்டமாவது சேரட்டும்.

புதிதாக ஏறிவந்த மூன்று அணிகளும் நேராகத் திரும்பிப் போகுமா?

2023-24இல் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட் மூன்றும் போயின. 1997-98க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. உடனே அடுத்த சீசனிலும் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் போயின. இதைப் பார்த்து இனி எப்போதும் இப்படித்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய 2022-23இல் ஃபுல்ஹாம், போர்ன்மத், ஃபாரஸ்ட் மூன்றும் தப்பித்தன. 2017-18இலும் மூன்றும் தப்பித்தன. எனவே விதி என்று எதுவும் இல்லை, பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டு வருகிறது. பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பணம் சேர்த்து வைத்த அணியோடு, ஒரே கோடையில் அணியைக் கட்டும் அணி மோத வேண்டியிருக்கிறது.

ஏறிவந்த அணியைப் பார்க்கும்போது நான் புள்ளியைவிட ஆட்ட முறையைத்தான் பார்ப்பேன். பர்ன்லி 2022-23இல் வின்சென்ட் கொம்பனியின் கீழ் சாம்பியன்ஷிப்பில் 101 புள்ளி எடுத்தது. பின்னாலிருந்து பந்தைப் பொறுமையாகக் கட்டி வரும் ஆட்டம். மேலே வந்ததும் அதே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலான நேரம் பந்து அவர்களிடம் இருந்தது. பிரீமியர் லீக்கில் பந்தைத் தொலைக்கும் ஒவ்வொரு முறையும் தண்டனை கிடைத்தது. 24 புள்ளி. மேலே வந்தால் நாம்தான் பலவீனமான அணி என்பதை ஏற்று முதல் நாளிலிருந்தே அதற்கேற்ப ஆடும் அணிக்கு நான் ஐந்தாறு புள்ளி கூடுதலாகவே கொடுப்பேன். பந்து இல்லாமல் எப்படி ஆடுகிறார்கள், கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் எவ்வளவு அடிக்கிறார்கள், தலையால் முட்டும் சண்டையில் யார் நிற்கிறார்கள். பார்க்க வேண்டியது இவைதான்.

ஏறிவந்ததும் நிறைய ஆட்களை வாங்குவது தவறா என்றும் கேட்பார்கள். ஃபாரஸ்ட் 2022இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களை வாங்கியது. எல்லோரும் கண்டித்தார்கள், நானும்தான். 16ஆவது முடித்துத் தப்பித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏழாம் இடம். ஏறிவந்த அணியில் பலர் வேறு அணிகளிடமிருந்து ஒரு சீசனுக்குக் கடனாக வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்து போய்விட்டிருந்தார்கள். 2022இல் வேறு வழி அவர்களுக்கு இல்லை. இந்த விஷயத்தில் நான் என் கருத்தை மாற்றிக்கொண்டுவிட்டேன்.

'இரண்டாம் ஆண்டுச் சரிவு' என்பது உண்மையா?

நடந்திருக்கிறது, அடிக்கடி. இப்ஸ்விச் 2000-01இல் ஐந்தாம் இடம், அடுத்த ஆண்டு தரமிறக்கம். ரெடிங் 2006-07இல் எட்டாம் இடம், அடுத்த ஆண்டு 36 புள்ளியோடு கோல் வித்தியாசத்தில் இறங்கியது. ஷெஃபீல்ட் யுனைடெட் 2019-20இல் 54 புள்ளி, ஒன்பதாம் இடம். அடுத்த ஆண்டு 23 புள்ளி, கடைசி இடம், 38 ஆட்டத்தில் 20 கோல்.

ஷெஃபீல்டின் கதையை நான் இரண்டு பகுதியாகப் பார்க்கிறேன். ஒன்று, முதல் ஆண்டு அவர்களுக்கு எல்லாம் கூடி வந்தது. அது இயல்பாகவே குறையும். இரண்டு, அவர்களின் முறை சிலர்மேல் நின்றது. கோலுக்கு முன்னால் நிற்கும் மூன்று நடுத் தடுப்பாட்டக்காரர்களில் ஓரத்தில் நிற்பவர்கள் முன்னேறிப்போய்த் தாக்குதலில் சேர்வார்கள். இடதுபக்கம் அதைச் செய்த ஜேக் ஓ'கானல் காயத்தால் சீசன் தொடக்கத்திலேயே விலகினார். கடனாக வந்திருந்த கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன் தன் அணிக்குத் திரும்பிவிட்டார். இரண்டு பேர் போனதும் கட்டடமே சாய்ந்தது. ஓர் அணியைக் கணிக்கும்போது 'இவர் இல்லாவிட்டால் இந்த முறையே நடக்காது' என்கிற ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் வரம்பின் கீழ் எல்லையை நன்றாகத் தாழ்த்துங்கள்.

முதல் சில ஆட்டங்களை வைத்து முடிவுக்கு வரலாமா?

வேண்டாம். ஹல் சிட்டி 2008-09இல் முதல் ஒன்பது ஆட்டத்தில் 20 புள்ளி. ஆர்சனலையும் டாட்டன்ஹாமையும் அவர்கள் மைதானத்திலேயே வென்றது. சீசன் முடிவில் மொத்தமே 35. கடைசி நாளில் தலை தப்பியது. மறுபக்கம் கிரிஸ்டல் பேலஸ் 2017-18இல் முதல் ஏழு ஆட்டத்தையும் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 11ஆவது முடித்தது. அதே பேலஸ் 2024-25இல் முதல் எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல் இருந்து, 53 புள்ளியில் முடித்ததோடு உள்நாட்டுப் போட்டியான எஃப்ஏ கோப்பையையும் வென்றது. நியூகாசில் 2021-22இல் 14 ஆட்டம் வெற்றி இல்லாமல் இருந்து 49 புள்ளியில் முடித்தது. அதற்கு ஜனவரியில் புதிய முதலாளிகளின் பணத்தில் டிரிப்பியர், புரூனோ கிமராயெஸ், டான் பர்ன், கிறிஸ் வுட் ஆகியோரை வாங்கியதும் ஒரு காரணம்.

எதிரணிகள் யார் என்று முதலில் பாருங்கள். முதல் ஆறில் நான்கு ஆட்டம் மேல்மட்ட அணிகளோடு என்றால் மூன்று புள்ளியே நல்ல அறுவடை.

கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருக்கும் அணி முடிந்த கதையா?

பெரும்பாலும். ஆனால் நான்கு அணிகள் தப்பியிருக்கின்றன: வெஸ்ட் பிராம் 2004-05, சண்டர்லேண்ட் 2013-14, லெஸ்டர் 2014-15, உல்வ்ஸ் 2022-23. லெஸ்டர் 29 ஆட்டம் முடிந்தபோது 19 புள்ளியில் இருந்தது. கடைசி ஒன்பதில் ஏழு வெற்றி. அடுத்த ஆண்டு அதே அணி சாம்பியன் ஆனது.

வெஸ்ட் பிராமின் கடைசி நாளைத்தான் நான் மறக்கமாட்டேன். 2005 மே 15. அன்று காலை யாருமே இறங்கியிருக்கவில்லை. நான்கு அணிகளில் ஒன்றுதான் தப்ப முடியும், அவற்றில் கடைசியில் நின்றது வெஸ்ட் பிராம். அவர்கள் ஹார்ஸ்ஃபீல்டும் ரிச்சர்ட்சனும் அடித்த கோல்களில் போர்ட்ஸ்மத்தை 2-0 என்று வென்றார்கள். அதே நேரம் நாரிச் ஃபுல்ஹாமிடம் 6-0 என்று சிதறியது, சவுத்தாம்ப்டன் தோற்றது, பேலஸ் முன்னிலையில் இருந்து டிரா ஆனது. ஆட்டம் முடிந்தும் வெஸ்ட் பிராம் ரசிகர்கள் மற்ற ஸ்கோர்கள் வரும்வரை காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு நின்றார்கள். 34 புள்ளி போதுமானதாக இருந்தது.

பயிற்சியாளரை மாற்றினால் அணி எழுந்துவிடுமா?

மாற்றிய முதல் சில ஆட்டங்களில் முடிவுகள் மேம்படுவது அடிக்கடி நடக்கும். ஆனால் எப்போது மாற்றுகிறார்கள் என்று யோசியுங்கள். அதிர்ஷ்டமும் சேர்ந்து கைவிட்ட மோசமான ஓட்டத்தின் அடியில்தான். அங்கிருந்து, ஆளை மாற்றாவிட்டாலும், கொஞ்சம் மேலேதான் போகும். அந்த இயல்பான மீட்சியைப் புதியவரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

உண்மையான மாற்றமும் உண்டு. ஆஸ்டன் வில்லா 2022 அக்டோபரில் 17ஆவது இடத்தில் இருந்தது. உனாய் எமரி வந்தார், ஏழாம் இடத்தில் முடித்தது. அதே சீசனில் சவுத்தாம்ப்டன் மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்தது, 25 புள்ளியோடு கடைசி இடத்தில் இறங்கியது. வித்தியாசம் என்ன? வில்லாவிடம் ஏற்கெனவே நல்ல ஆட்கள் இருந்தார்கள், முறைதான் இல்லை. சவுத்தாம்ப்டனிடம் அனுபவமே குறைவு, யார் வந்தாலும் அந்த இளைஞர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். அதனால் மாற்றம் என்றதும் நான் முதலில் கேட்பது: இந்த ஆட்களின் தரம் இப்போதைய இடத்தைவிட மேலா? ஆம் என்றால் ஐந்தாறு புள்ளி கூட்டுவேன். இல்லை என்றால் எதுவும் கூட்ட மாட்டேன்.

ஐரோப்பியப் போட்டி, காயம், ஆப்பிரிக்கக் கோப்பை இவற்றுக்கு எவ்வளவு கழிப்பது?

சின்ன அணிக்கு வியாழக்கிழமை ஐரோப்பாவில் ஆடிவிட்டு ஞாயிறு லீக்கில் ஆடுவது பெரிய சுமை. பர்ன்லி 2017-18இல் ஏழாவது, யூரோப்பா தகுதிச் சுற்று ஆடிய அடுத்த சீசனில் 15ஆவது. வெஸ்ட் ஹாம் 2022-23இல் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வென்றது, லீக்கில் 14ஆவது. இரண்டு மூன்று இடம் கழித்து வைப்பது நியாயம். ஆப்பிரிக்க நாடுகள் மோதும் ஆப்பிரிக்கக் கோப்பை சீசன் நடுவில் வந்தால் யார் யார் போவார்கள், அவர்களுக்கு மாற்று உண்டா என்று மட்டும் பாருங்கள்.

புள்ளிக் குறைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

முன்பு வேண்டாம் என்றிருப்பேன். 2023-24இல் செலவு விதிகளை மீறியதற்காக எவர்டன் மொத்தம் எட்டுப் புள்ளியும் ஃபாரஸ்ட் நான்கு புள்ளியும் இழந்தன. இரண்டும் தப்பித்தன, கீழே மூன்று அணிகள் அவ்வளவு பலவீனமாக இருந்ததால். மிடில்ஸ்பரோவுக்கு அந்த நல்ல நேரம் இல்லை. 1996-97இல் நோயும் காயமுமாக ஆட ஆள் இல்லை என்று பிளாக்பர்னோடு ஆட வேண்டிய ஆட்டத்துக்குப் போகவில்லை. மூன்று புள்ளி பறிபோனது. 39 புள்ளியோடு இறங்கினார்கள். அந்த மூன்று இருந்திருந்தால் 42, நிச்சயம் தப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளின் இறுதிக்கும் போன அணி அது. எத்தனை ஆண்டானாலும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் அதிர்ஷ்டம் கணிப்பைக் கவிழ்க்குமா?

2020 ஜூன் 17. பெருந்தொற்றால் நின்றுபோன லீக் மீண்டும் தொடங்கிய முதல் ஆட்டம், ஆளில்லாத வில்லா பார்க்கில், வில்லாவும் ஷெஃபீல்ட் யுனைடெடும். நார்வுட் அடித்த ஃப்ரீ கிக்கைப் பிடித்த வில்லா கோல்கீப்பர் நைலாண்ட், பந்தோடு கோட்டுக்குப் பின்னால் போய்விட்டார். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். பந்து கோட்டைத் தாண்டினால் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் மட்டும் அதிரவில்லை. கோல் கோட்டைக் கண்காணிக்கும் ஏழு கேமராக்களின் பார்வையையும் கோல்கீப்பரும் தடுப்பாட்டக்காரரும் கம்பமும் ஒரே நேரத்தில் மறைத்துவிட்டன. ஆட்டம் 0-0.

சீசன் முடிவில் வில்லா 35, போர்ன்மத் 34, வாட்ஃபோர்ட் 34. அந்தக் கோல் கொடுக்கப்பட்டு ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் வில்லாவுக்கும் 34தான். கோல் வித்தியாசத்தில் போர்ன்மத் தப்பி வில்லா இறங்கியிருக்கும். தப்பிய வில்லா நான்கே ஆண்டில் நான்காம் இடத்தில் முடித்துச் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. அந்த இரவு வில்லா இறங்கும் என்று கணித்து வைத்திருந்தவரின் கணிப்பை நான் மோசம் என்று சொல்ல மாட்டேன்.

பந்தய வீதங்களைப் பார்க்கலாமா?

தகவலாகப் பார்க்கலாம். பல ஆயிரம் பேரின் கருத்து அதில் சேர்ந்திருக்கிறது, தனியாள் கணிப்பைவிட வழக்கமாக நெருக்கமாக வரும். ஆனாலும் 2015 கோடையில் லெஸ்டர் கோப்பையை வெல்ல 5000க்கு 1 என்று கொடுத்ததும் அதே சந்தைதான். பணம் கட்டச் சொல்லி நான் யாரிடமும் சொல்வதில்லை. நேசிக்கும் அணியின் துயரத்தோடு வீட்டுப் பணமும் சேர்ந்து போவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மற்ற நாட்டு லீக்குகளுக்கும் இதே முறை பொருந்துமா?

கணக்கு பொருந்தும், விதிகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 18 அணிகள், 34 ஆட்டம். 16ஆவது வருபவர் இரண்டாம் பிரிவின் மூன்றாவது அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பலாம். ஸ்பெயினில் சமப் புள்ளி என்றால் முதலில் பார்ப்பது இருவரும் மோதிய ஆட்டங்களை. அதனால் அங்கே கீழ்மட்ட அணிகள் தங்களுக்குள் ஆடும் ஆட்டங்களுக்கு இரட்டை எடை.

ஆகஸ்டில் எழுதிய கணிப்பு சரியா தவறா என்று மே மாதம் எப்படித் தெரிந்துகொள்வது?

எழுதி வைத்தால்தான் தெரியும். ஒரு தாளில் 20 அணிகளின் பெயர், எதிரே குறைந்த புள்ளி, அதிகப் புள்ளி, தரமிறங்கும் சதவீதம். பிறகு திருத்தக்கூடாது. பத்தாவது ஆட்டத்துக்குப் பிறகு வேண்டுமானால் புதிய தாள் போடுங்கள், பழையதைக் கிழிக்காமல்.

சோதிக்கும்போது ஒரு ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து ஆண்டுத் தாள்களைச் சேர்த்து, 30 சதவீதம் என்று எழுதிய அணிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். பத்து அணிகள் இருந்தால் அவற்றில் மூன்று வாக்கில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றுமே இறங்கவில்லை என்றால் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். ஆறு இறங்கியிருந்தால் அதிகம் நம்புகிறீர்கள். அப்புறம், தாளை மடித்து வைப்பதற்கு முன் தரமிறங்கும் சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். மூன்று அணிகள் இறங்கும் என்பதால் 20 சதவீதங்களும் சேர்ந்து சரியாக 300 வர வேண்டும். முதல் முறை எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் 400ஐத் தாண்டும். உட்கார்ந்து, எந்த அணியிடமிருந்து எவ்வளவு குறைப்பது என்று ஒவ்வொன்றாக யோசியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒவ்வோர் அணியைப் பற்றியும் நீங்கள் உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்பது வெளியே வரும்.